ரயில் இப்போது புறப்படும்

அது ஒரு முழ நீளத் தகரப் பலகை. நீலப் பின்னணியில் வெள்ளை எழுத்து. ஓரமெல்லாம் துருவேறி, இரண்டு கம்பிகளில் சற்றே இடப்பக்கம் சாய்ந்து தொங்கும். ‘ரயில் இப்போது புறப்படும்’ என்று அதில் எழுதியிருக்கும். காலை பத்து மணிக்குப் பூங்காவின் கதவு திறக்கும்போதும் அது தொங்கும். காக்கைகூட வேப்பமரத்தை விட்டு நகராத மத்தியான வெயிலிலும் தொங்கும். நான் வீட்டுக்குக் கிளம்பும்போதும் தொங்கிக்கொண்டுதான் இருக்கும். ரயில் மட்டும் நின்ற இடத்திலேயே நிற்கும். வேலைக்குச் சேர்ந்த முதல் மாதத்தில் அது ஒரு சாண் நகர்ந்து நான் பார்த்ததில்லை. பூங்காவுக்குப் பலகை எழுதிக் கொடுப்பதும் என் வேலைகளில் ஒன்று. பச்சையாகப் பொய் சொல்லும் ஒரு பலகை என் எல்லைக்குள் தொங்குகிறதே என்று எனக்கு உறுத்தலாக இருந்தது.

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி போகிற சாலையில், இரண்டு பக்கமும் கரிசலும் சீமைக்கருவேலமுமாகக் கிடக்கிற வெளியில், திடீரென்று ஏழு நிறத்தில் ஒரு மதில் எழும்பும். அதுதான் பூங்கா. முதலாளியின் தகப்பனார் பருத்தி வியாபாரத்தில் இருந்தவர். என்ன தோன்றியதோ, ஒரு வேப்பந்தோப்பை வளைத்து உள்ளே ஒரு குட்டி ராட்டினம், சிமெண்டில் ஒரு டைனோசர், ஆளைக் குட்டையாகவும் நெட்டையாகவும் காட்டும் கண்ணாடி மண்டபம், இவற்றைச் சுற்றிவர ஒரு பொம்மை ரயில் என்று அமைத்துவிட்டுப் போய்ச் சேர்ந்தார். மகன் தலையெடுத்ததும் பக்கத்து நிலத்தில் அலைக்குளம், சறுக்குகள், செயற்கை மழை எல்லாம் வந்தன. மழைக்காக அண்ணாந்து பார்த்தே கழுத்து வலி கண்ட ஊரில், பொத்தானை அமுக்கினால் மழை, கூடவே பாட்டு. எம்.ரெட்டியபட்டிப் பக்கத்து விவசாயி ஒருவர், பெய்து முடித்த இந்த மழை எங்கே போகிறது என்று என்னிடம் அக்கறையாக விசாரித்தார். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன்: குழாய் வழியாகப் போய், சுத்தமாகி, மறுபடி மேலே ஏறி அதுவே பெய்கிறது. “அப்ப தினம் ஒரே மழைதானா?” என்றவர், ஏமாந்த முகத்தோடு தலையைத் துவட்டிக்கொண்டு போய்விட்டார்.

நான் அங்கே போய்ச் சேர்ந்ததே ஒரு தப்பான கணிப்பினால்தான். அருப்புக்கோட்டையில் ஓர் அச்சகத்தில் கல்யாணப் பத்திரிகைகளுக்கும் காதணி விழா அழைப்பிதழ்களுக்கும் மெய்ப்புத் திருத்திக்கொண்டிருந்தேன். ஒழிந்த நேரத்தில் வாரப் பத்திரிகைகளுக்கு நகைச்சுவைக் கட்டுரைகள் அனுப்புவேன். அவர்களும் இடம் மிஞ்சினால் போடுவார்கள். நுழைவுச்சீட்டு அச்சடிக்க வந்த முதலாளி, காத்திருந்த நேரத்தில் அதில் ஒன்றைப் படித்துவிட்டார். சிரிக்க வைக்கத் தெரிந்த ஆளுக்கு ஜனங்களைச் சந்தோஷப்படுத்தத் தெரியாமல் போகுமா என்பது அவர் எண்ணம். இரண்டும் ஒன்றில்லை என்பதற்கு என் மனைவி பக்கம் பக்கமாகச் சாட்சி சொல்வாள். அவர் அவளைக் கேட்கவில்லை. இப்படியாக நாற்பத்து மூன்றாம் வயதில், மகிழ்ச்சியை உற்பத்தி செய்யும் இடத்தில் ‘ஆலோசகர்’ என்ற பட்டத்தோடு ஒரு மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்தேன்.

முதலாளி சுற்றி வளைக்காதவர். பூங்காவின் வரைபடத்தை மேசையில் விரித்து, சிவப்புப் பென்சிலால் வேப்பந்தோப்பைச் சுற்றி ஒரு வட்டம் போட்டார். தண்ணீர்ப் பக்கம் நிற்க இடமில்லை, பழைய பக்கம் ஈ ஓட்டுகிறது, அப்பா கட்டியது என்பதால் இடிக்க மனசு வரவில்லை, அதற்காகப் பார்த்துக்கொண்டும் இருக்க முடியாது. ஒரு மாதம் தருகிறார். அதற்குள் பழைய பக்கத்துக்கு நான் ஒரு வழி சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் முதலில் ரயிலைப் பழைய இரும்புக்குத் தள்ளிவிட்டு, அந்த இடத்தில் இன்னொரு சறுக்கு. ரயிலின் ஓட்டப் பதிவேட்டையும் காட்டினார். நாள்தோறும் ‘ஒரு சுற்று’ என்றே எழுதியிருந்தது. அந்த ஒரு சுற்று, எஞ்சின் உறைந்து போகாமலிருக்கச் சும்மா ஓட்டிப் பார்த்ததாக இருக்கும் என்று நானே முடிவுகட்டிக்கொண்டேன். அப்போதெல்லாம் எதையும் நானே முடிவுகட்டிக்கொள்வேன். யாரையும் கேட்டுத் தெரிந்துகொள்ளும் கெட்ட பழக்கம் கிடையாது.

அந்த ரயிலை ஓட்டியவரைப் பூங்கா முழுக்க ‘டிரைவரம்மா’ என்றுதான் கூப்பிடுவார்கள். எனக்கு ஒப்பான வயது. எம்.ரெட்டியபட்டியில் பருத்தி எடுக்கவும் களை பறிக்கவும் கூலிக்குப் போய்க்கொண்டிருந்தவர். பூங்காவுக்கு இலை கூட்டும் வேலைக்கு வந்தார். பழைய ஓட்டுநர் ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட, தண்டவாளத்தின் மேல் கிடந்த சருகைக் கூட்டுவதற்காக ரயிலை இவரே நான்கடி நகர்த்திப் பார்த்திருக்கிறார். நகர்ந்துவிட்டது. அன்றிலிருந்து ஓட்டுநர். சேலைக்கு மேல் காக்கிச் சட்டை, கழுத்தில் விசில், கையில் பச்சைக் கொடி. மகனுடைய பள்ளிக்கூடப் படிவத்தில் தாயின் தொழில் என்ற இடத்தில் ‘ரயில் ஓட்டுநர்’ என்று எழுதிக் கொடுத்து, ஆசிரியர் கூப்பிட்டு விசாரித்து, எந்த ரயில் என்பதைச் சொல்லாமலே திரும்பி வந்ததாக அவரே சொல்லிச் சிரித்திருக்கிறார். நான் பழைய பக்கத்துக்கு யோசனை எழுதுகிறேன் என்று தெரிந்ததும் என் அறை வாசலில் வந்து நின்றார். உள்ளே வரவில்லை.

“சார், நீங்க என்னத்த வேணாலும் எழுதுங்க. சுண்ணாம்பு அடிக்கச் சொல்லுங்க, லைட்டுப் போடச் சொல்லுங்க. ரயிலு மட்டும் ஓடணும். அத ஓடாம ஆக்கிறாதீக.”

ஓடாத ரயிலை ஓடாமல் ஆக்குவது எப்படி என்று எனக்கு விளங்கவில்லை. ஆனாலும் ஒரு பெரிய மனிதரின் தோரணையில் தலையாட்டி அனுப்பினேன்.

என் யோசனைகளின் வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். விரிவாகச் சொன்னால் எனக்குத்தான் கேவலம். முதல் யோசனை, டைனோசரைப் பேச வைப்பது. அதன் வயிற்றுக்குள் ஓர் ஒலிபெருக்கியை வைத்து, ‘வாருங்கள் செல்லங்களே, நலமா?’ என்று என் குரலிலேயே பதிவு செய்து போட்டோம். முதல் நாளே ஏழெட்டுக் குழந்தைகள் வீறிட்டன. ஒரு குழந்தை மட்டும் அழாமல் நின்று பார்த்துவிட்டு, அதற்குச் சளி பிடித்திருக்கிறதா என்று கேட்டது. அடுத்தது, கண்ணாடி மண்டபத்துக்கு ‘உங்களை நீங்களே அறியுங்கள்’ என்று பெயர் வைத்தது. அதைப் படித்தவர்கள் தியான மண்டபம் என்று நினைத்துச் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போனார்கள். கடைசியாகத்தான் ஜனங்களையே கேட்டால் என்ன என்று தோன்றி, வேப்பமரத்தடியில் ஒரு யோசனைப் பெட்டி வைத்தேன்.

பத்து நாள் கழித்துத் திறந்தேன். மிட்டாய்க் காகிதங்கள், யாருடைய பல்லோ ஒன்று, பாளையம்பட்டியில் நடக்கவிருந்த ஒரு புதுமனை புகுவிழா அழைப்பு. ஒரு சீட்டில் பிள்ளைக் கையெழுத்தில் ‘டைனோசருக்குச் சட்டை போடவும்’ என்றிருந்தது. அதற்கப்புறம் மூன்று சீட்டுகள், மூன்று வெவ்வேறு கையெழுத்து. ஒன்றில் ‘பகலில் ரயிலை ஓட்ட வேண்டாம்’. அடுத்ததில் ‘ரயில் இப்படியே நிற்கட்டும்’. மூன்றாவதில் ‘ரயிலில் உட்கார விட்ட அம்மாவுக்கு நன்றி, மதியம் ஓட்டாததற்கும்.’ கேளிக்கைப் பூங்கா ஒன்றில் விளையாட்டுச் சாதனத்தை ஓட்டாததற்கு நன்றி தெரிவித்த கடிதம் உலகத்திலேயே அது ஒன்றாகத்தான் இருக்கும். உண்மையைச் சொன்னால், அந்த வேலையில் சேர்ந்ததிலிருந்து அன்றைக்குத்தான் எனக்கு ஒரு விஷயத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்ற ஆசை வந்தது.

மறுநாள் காலையிலேயே ராட்டினத்துக்குப் பின்னால் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டேன். பதினோரு மணிக்கு மேல்தான் நாடகம் தொடங்கியது. தண்ணீர்ப் பக்கத்திலிருந்து ஒரு பெண் வந்தார். இரண்டு தோளிலும் பைகள், இடுப்பில் ஒரு தூக்குவாளி, மார்போடு அணைத்து நாலைந்து கைபேசிகள், முந்தானை முடிச்சில் கழற்றிக் கொடுத்த தோடும் சங்கிலியும். வந்தவர் நேராக ரயில் பெட்டியில் ஏறி, பைகளைப் பக்கத்தில் அடுக்கிவிட்டு, காலை நீட்டி ‘அப்பாடா’ என்றார். அடுத்து ஒருவர், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, சாக்குப்பை நிறையச் செருப்புகளோடு வந்தார். இப்படியே ஒரு மணிக்குள் நான்கு பெட்டியும் நிறைந்துவிட்டது. நம் பக்கத்து ஜனங்கள் குடும்பத்தோடு எங்கே போனாலும் ஒருவர் பை காக்க வேண்டும். பூங்காவில் பூட்டுப் பெட்டிகள் இருக்கின்றன. ஆனால் தாலிச் சங்கிலியைத் தகரப் பெட்டியில் வைத்துவிட்டுத் தண்ணீரில் குதிக்கிற தைரியம் இன்னும் எங்கள் தாலுகாவுக்கு வந்து சேரவில்லை. நுழைவுச்சீட்டு எல்லோரையும் போலத்தான், நனைவது மட்டும் கிடையாது. நானும் முதலாளியும் எதில் எத்தனை பேர் ஏறினார்கள் என்றே பார்த்துக்கொண்டிருந்தோம். எதிலும் ஏறாமல் ஒரு கூட்டம் உள்ளே இருப்பது எங்கள் கண்ணில் படவே இல்லை.

டிரைவரம்மா பெட்டி பெட்டியாக எட்டிப் பார்த்துத் தண்ணீர் வேண்டுமா என்று கேட்டுக்கொண்டிருந்தார். யாராவது, எப்பம்மா எடுப்பீக என்று கேட்டால், எங்கள் ஊர் ஷேர் ஆட்டோக்காரர்கள் சொல்லும் அதே ராகத்தில் “இந்தா எடுத்தாச்சு” என்பார். கேட்டவர் திருப்தியாகச் சாய்ந்து கண்ணை மூடிக்கொள்வார். ஷேர் ஆட்டோவில் ஆள் சேரும்வரை அரை மணி நேரம் முகம் சுளிக்காமல் உட்கார்ந்திருப்பவர்கள்தான் எல்லோரும். நான் அவரிடம் போய், ஏன் ஓட்டவில்லை என்பது புரிந்துவிட்டது என்று சொன்னேன். “இருந்து பாருங்க சார்” என்று மட்டும் சொன்னார். இருந்து பார்த்தேன். ஐந்தே கால் மணிக்குப் பூங்கா வாசலில் அருப்புக்கோட்டை பஸ் நிற்கும். அதை விட்டால் அடுத்ததற்கு வெகுநேரம். ஐந்து மணிக்கு நாற்காலியை எடுத்து வைத்துவிட்டு, பார்க்க வேண்டியதையெல்லாம் பார்த்துவிட்ட நிறைவோடு கிளம்பினேன்.

அன்றிரவே அறிக்கை எழுதினேன். என் வாழ்நாளில் நகைச்சுவை என்று நினைத்து எழுதியவற்றைவிட நன்றாக வந்திருந்தது. பழைய பக்கத்தின் உண்மையான பயன் விளையாட்டு இல்லை, இளைப்பாறுதல். குடும்பத்துக்கு ஒருவராவது அதற்காகவே வருகிறார். ஆகவே ரயிலை இரும்புக்குப் போடாமல், அவர்களுக்கான இடமாக அதை மேம்படுத்த வேண்டும். முதலாளி இரண்டு தடவை படித்தார். எழுந்து வந்து என் தோளைத் தட்டினார். ஒரே வாரத்தில் ரயிலின் சக்கரங்களைக் கழற்றி, பெட்டிகளைச் சிமெண்ட் மேடையில் பதித்து, ஒவ்வொன்றிலும் மின்விசிறியும் மெத்தையும் கைபேசிக்கு மின்னேற்ற வசதியும் வைத்துவிட்டார். பழைய பலகையைக் கழற்றிவிட்டு, ‘ஓய்வு ரயில் – அன்புடன் அமருங்கள்’ என்று புதுப் பலகை எழுதியது நான். ஓடாத ரயிலுக்கு ஓட்டுநர் எதற்கு? டிரைவரம்மாவைத் தண்ணீர்ப் பக்கத்துப் பூட்டுப் பெட்டிகளுக்குச் சாவி கொடுக்கிற வேலையில் போட்டார்கள். போகும்போது அவர் சண்டை பிடிக்கவில்லை. விசிலைக் கழற்றி, பச்சைக் கொடியை நான்காக மடித்து, சாப்பாட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டார். என்னைக் கடந்து போனபோது நான் ரயிலைக் காப்பாற்றிய கதையைச் சொல்ல வாயெடுத்தேன். அவர் முகத்தைப் பார்த்ததும் புதுப் பலகையைத் துடைக்கத் திரும்பிக்கொண்டேன்.

அடுத்து நடந்ததுதான் என்னைத் தூங்கவிடவில்லை. ஓய்வு ரயிலில் யாரும் உட்காரவில்லை. மின்விசிறிகள் மெத்தைகளுக்குக் காற்று வீசிக்கொண்டிருந்தன. பை காப்பவர்கள் வருவார்கள், பார்ப்பார்கள், சற்றுத் தள்ளி வேப்பமரத்தடியில் தரையில் துண்டை விரித்து உட்காருவார்கள். நான் போய் உள்ளே உட்காரச் சொன்னால், இருக்கட்டும் சார் என்பார்கள். இரண்டு வாரம் இப்படியே போனது. அப்போதுதான் ஒரு கிறிஸ்தவ சபையிலிருந்து ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகள் வந்தார்கள். வருஷா வருஷம் அவர்களைக் கூட்டிக்கொண்டு வருபவர் சபையை நடத்தும் உபதேசியாரின் மனைவி. நாற்பது பிள்ளைகளின் பைகளையும் காவல் காத்துக்கொண்டு மரத்தடியில் நிலக்கடலை உரித்துக்கொண்டிருந்தார். எதிரே மெத்தை போட்ட ரயில் காலியாகக் கிடந்தது. எனக்குப் பொறுக்கவில்லை. போய்க் கேட்டுவிட்டேன்.

“அதுதான் ஓடாதுல்ல, தம்பி” என்றார்.

முன்பும் அது ஓடவில்லையே, நானே நாள் முழுக்க உட்கார்ந்து பார்த்தேனே என்றேன்.

“யாரு சொன்னா? போன வருசம் மத்தியானம் பூரா அதுலதான் உக்காந்திருந்தேன். சாயந்தரம் அஞ்சரைக்குப் பிள்ளைக எல்லாம் நனைஞ்சு வெறச்சுப்போயி வந்துச்சுக. அந்தம்மா விசிலடிச்சு, கொடியக் காட்டி, எல்லாரையும் ஏத்தி ஒரு சுத்துக் கூட்டிட்டுப் போனாக. பை காத்தவுகளுக்கு சன்னலோரம்.” உரித்த கடலையை என் உள்ளங்கையில் வைத்துவிட்டுத் தொடர்ந்தார். “வீட்டுக்குப் போனா அவுக கேப்பாகள்ல, நீ எதுல ஏறுனன்னு? ரயில்ல ஏறுனேன்னு சொல்லலாம். மெத்தையில உக்காந்தேன்னா சொல்றது? அது எங்க வீட்லயே கெடக்கு.”

கடலையைக் கையில் வைத்துக்கொண்டே ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தேன். பதிவேட்டில் இருந்த அந்த ஒரு சுற்று. சீட்டில் இருந்த ‘பகலில்’ என்ற சொல். ‘இருந்து பாருங்க சார்.’ எல்லாம் எனக்குப் படிக்கக் கொடுக்கப்பட்டே இருந்தன. மெய்ப்புத் திருத்திப் பிழைத்தவன் நான். அந்தப் பலகை பொய் சொல்லவே இல்லை. ரயிலில் உட்கார்ந்திருந்த எல்லோரும் பயணிகள். காலையிலிருந்து மாலை வரை வண்டி கிளம்பக் காத்திருந்தவர்கள். பெட்டியில் அமர்ந்து பை காப்பவருக்கும், குடும்பம் விளையாடும்போது ஓரத்தில் விட்டுவைக்கப்பட்டவருக்கும் நடுவே இருந்த வித்தியாசம் அந்த ஒரு சுற்றுதான். அதை எடுத்துவிட்டு நான் மெத்தை போட்டிருந்தேன்.

பூட்டுப் பெட்டிப் பக்கம் போனேன். டிரைவரம்மா ஈரமான கைகளில் சாவிகளைக் கொடுத்துக்கொண்டிருந்தார். கூட்டம் குறையும்வரை நின்று, தப்புச் செய்துவிட்டேன் என்று சொன்னேன்.

“நீங்க நல்லதுதான் நெனச்சீக சார். அஞ்சே கால் பஸ்ஸுக்குப் போயிட்டீக, அம்புட்டுத்தான்” என்றார். பிறகு சாவிக் கொத்தைப் பார்த்தபடி, “ஆனா எங்கிட்ட ஒரு வார்த்த கேட்ருக்கலாம்” என்றார்.

இன்று வரை எனக்கு வந்த விமரிசனங்களில் அதைவிடச் சுருக்கமானதோ சரியானதோ கிடையாது.

முதலாளியிடம் போய்ச் சொல்வது இன்னும் கடினமாக இருந்தது. தோளில் தட்டிய பாராட்டை அவர் திரும்ப வாங்கிக்கொள்வார் என்று பயந்தேன். “ஓட்டுனா ஆளில்லங்கிறது, நிறுத்துனா உக்கார மாட்டேங்கிறாகங்கிறது. என்னய்யா உங்க கணக்கு?” என்றார். வாதாடினால் தோற்பேன் என்று தெரியும். அதனால் என் பையையும் செருப்பையும் அவர் கையில் கொடுத்து, ஓய்வு ரயிலில் கால் மணி நேரம் உட்கார்ந்து பார்த்துவிட்டு என்னை வேலையிலிருந்து எடுத்துவிடுங்கள் என்றேன். வேடிக்கையாகத்தான் ஒத்துக்கொண்டார். மின்விசிறிக்குக் கீழே, மடியில் என் பையோடு உட்கார்ந்தார். இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார். தண்ணீர்ப் பக்கத்திலிருந்து பிள்ளைகளின் கூச்சல் வந்தது. மூன்று நிமிஷத்தில் எழுந்துவிட்டார். பஸ்ஸைத் தவறவிட்டவன் மாதிரி இருக்கிறது என்றார். சற்று நேரம் டைனோசரைப் பார்த்துக்கொண்டு நின்றார். சின்ன வயதில் அப்பா இந்த ரயிலின் எஞ்சினில் தன்னை வைத்து ஓட்டும்போது, அம்மா பின்னால் பெட்டியில் அப்பாவின் துண்டையும் கைக்கடிகாரத்தையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது ஞாபகம் வருகிறது என்று, என்னிடம் இல்லை, டைனோசரிடம் சொன்னார்.

சக்கரங்கள் திரும்ப வந்தன. மெத்தைகள் போயின; மின்விசிறிகளை மட்டும் டிரைவரம்மா இருக்கட்டும் என்றார். அவர் வைத்த நிபந்தனை ஒன்றே ஒன்று: எத்தனை சுற்று என்று இனி யாரும் கேட்கக் கூடாது. பழைய பலகை சாமான் அறையில் கிடந்ததை நானே துடைத்து எடுத்துப் போனேன். ஏணி மேல் ஏறி மாட்டும்போது நேராக மாட்டப் பார்த்தேன். கீழேயிருந்து டிரைவரம்மா, கொஞ்சம் இடது பக்கம் இறக்குங்க சார், அப்பத்தான் மரத்தடியில இருந்து தெரியும் என்றார். அவ்வளவு நாள் அது கோணலாகத் தொங்குகிறது என்றே நினைத்திருந்தேன்.

அப்புறம் சில வருஷங்களில் நான் அந்த வேலையை விட்டுவிட்டு மறுபடி மெய்ப்புத் திருத்தப் போய்விட்டேன். ஆலோசனை சொல்வதைவிடக் காற்புள்ளி வைப்பது ஆபத்தில்லாதது. இந்தப் பொங்கல் விடுமுறையில் மனைவி, மகள், மச்சினன் பிள்ளைகள் எல்லோருமாகப் பூங்காவுக்குப் போனோம். எனக்கு முழங்கால் வலி. தண்ணீரில் இறங்கக் கூடாது. நான்கு பை, ஐந்து கைபேசி, மனைவியின் வளையல், ஏழு ஜோடிச் செருப்பு என்று எல்லாவற்றையும் என் மேல் ஏற்றிவிட்டு அலைக்குளத்தை நோக்கி ஓடினார்கள். போகும்போது மனைவி திரும்பிப் பார்த்து, எங்கயும் போயிறாதீங்க என்றாள். இந்தக் கோலத்தில் எங்கே போவது?

வேப்பந்தோப்பு அப்படியே இருந்தது. டைனோசருக்கு ஆரஞ்சு நிறத்தில் ஒரு சட்டை வரைந்திருந்தார்கள். என் பெட்டியில் வந்த யோசனைகளில் நான் குளறுபடி செய்யாமல் நிறைவேறியது அது ஒன்றுதான் போலும். ரயில் நின்றுகொண்டிருந்தது. பெட்டிகளில் ஆங்காங்கே பைகளோடு ஆட்கள், சிலர் தூக்கத்தில். பலகைக்குக் கீழே டிரைவரம்மா. தலை பாதி நரைத்திருந்தது, காக்கிச் சட்டை புதிது. என்னையும் என் மேலிருந்த சுமையையும் ஏற இறங்கப் பார்த்தார். சிரிப்பை அடக்கிக்கொண்டு, சன்னலோரம் ஓர் இடத்தைக் கொடியால் சுட்டிக் காட்டினார்.

பைகளை அடுக்கிவிட்டுக் காலை நீட்டினேன். நல்ல காற்று. எதிரில் இருந்தவர் வாயைத் திறந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தார். எப்போது எடுப்பீர்கள் என்று கேட்டேன்.

“இந்தா எடுத்தாச்சு சார்” என்றார். இரண்டடி போனவர் திரும்பி வந்து, பெட்டியின் கம்பியைப் பிடித்துக்கொண்டு கேட்டார். “ஏன் சார், அஞ்சே கால் பஸ்ஸுக்குப் போகணுமா?”

“இல்லம்மா, இருக்கேன்” என்றேன்.

மணி அப்போது பன்னிரண்டே கால். தலைக்கு மேலே, இடப்பக்கம் சாய்ந்து தொங்கிய பலகையில் ரயில் இப்போது புறப்படும் என்று எழுதியிருந்தது. செருப்புப் பையைக் காலுக்கடியில் இழுத்து வைத்துக்கொண்டு, கண்ணை மூடினேன்.